ஏரியில் இறங்கும் கால்களுக்கு எந்தச் செருப்பு?

"வெறுங்காலுடன் நடக்காதீர்கள்." பாதவலியோடு வருவோரிடம் நாங்கள் தவறாமல் கூறும் அறிவுரை இது. பழவேற்காட்டு ஏரிக்கரை ஊர்களிலிருந்து வருவோரிடமும் இதையே கூறிவந்தோம். மறுமுறையும் அவர்களுள் பலர் அதே தேய்ந்த ரப்பர் செருப்போடுதான் வருகின்றனர். அவர்களைக் குறைகூறுவதில் எங்களுக்கு உடன்பாடில்லை. உவர்நீரில் இறங்கிச் சேற்றைத் துழாவி, கையாலேயே இறால் பிடிக்கும் பெண்ணின் காலில் எந்தச் செருப்பு நிற்கும்? முதல் அடியிலேயே சேறு அதை உருவிக்கொள்ளும். எங்கள் அறிவுரைதான் அரைகுறையாக இருந்தது.

நீரில் கழியும் நேரம் போக, எஞ்சிய நேரம் முழுதும் அந்தக் கால்கள் கரையில்தான் இருக்கின்றன. மீன் இறக்கும் இடத்துச் சிமெண்டுத் தரையில் நெடுநேரம் நிற்கின்றன. கூடையின் சுமையையும் தாங்குகின்றன. காலையில் படுக்கையைவிட்டு எழுந்து வைக்கும் முதல் அடியில் குதிகாலில் ஊசி குத்துவதுபோல் வலிக்கிறது என்போர் பலர். குதிகாலையும் விரல்களையும் இணைக்கும் உள்ளங்காலின் தடித்த தசைநார் நாளெல்லாம் இழுபட்டு நொந்துபோவதே இதற்குப் பெரும்பாலும் காரணம். அட்டைபோல் மெலிந்துவிட்ட செருப்பு அதற்கு எந்தத் தாங்கலும் தருவதில்லை. ஆகவே, நீரில் அணிய முடியாததை எண்ணிக் கரையில் அணிய வேண்டியதையும் கைவிடவேண்டா.

வாங்கும்போது மாலையில் செல்லுங்கள். பகலெல்லாம் நின்ற கால் அப்போது சற்றே வீங்கியிருக்கும். தாளின்மீது நின்று பாதத்தின் அளவை வரைந்து உடன் கொண்டுசெல்லுங்கள். வரைந்த கோடு செருப்புக்கு வெளியே நீண்டால் அது உங்களுக்கு உரியதன்று. அடிப்பகுதி கட்டைவிரலால் அழுத்தினால் அமிழ்ந்து மீள வேண்டும். மடக்கினால் விரல்கள் மடியும் இடத்தில் மடிய வேண்டும், நடுவில் அன்று. குதிகாலைப் பிடிக்கும் பின்வார் அவசியம். விலை உயர்ந்தது நல்லது என்னும் எண்ணம் வேண்டா. அழகுக்காக முனை குறுகிய செருப்புகளும் விலை உயர்ந்தவைதாம்!

சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போனவர்களுக்கு இது வலியைப் பற்றிய பேச்சன்று. காலைக் காப்பதைப் பற்றியது. சிப்பி கிழித்ததும், நண்பகல் மணல் சுட்டதும் அவர்களுக்குத் தெரியாது. இந்த உண்மையைத் தமிழ்நாடு தொழுநோயாளிகளிடமிருந்து முன்பே கற்றது. 1946இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த மருத்துவர் பால் பிராண்ட், அவர்களது பாதப்புண்களுக்கு வலியுணர்வு இழந்ததே முதன்மைக் காரணம் என்று எடுத்துக்காட்டினார். அங்கிருந்து வளர்ந்ததே மென்மையான நுண்துளை ரப்பரால் ஆன எம்.சி.ஆர். செருப்பு. இன்று அதையே சர்க்கரை நோயாளிகளுக்கும் பரிந்துரைக்கிறோம். விரலிடுக்கில் வார் செல்லும் செருப்பு இவர்களுக்கு ஆகாது. புதியதை முதல் நாள் ஒரு மணிநேரத்துக்குமேல் அணியாமல், கழற்றியதும் சிவந்த இடம் உண்டா எனப் பாருங்கள்.

இத்தகையோர் ஏரியில் இறங்காதிருப்பதே நலம் என்பது எங்கள் கருத்து. ஆனால், அன்றாட வருமானத்தை விட்டுவிடுங்கள் என்று சொல்வது எளிது. இறங்கியே தீர வேண்டுமெனில், தடித்த அடியும் கணுக்காலை இறுகப் பற்றும் கட்டும் உடைய காலணியோடு இறங்குங்கள். முழங்கால்வரை உயர்ந்த ரப்பர் பூட்ஸ் வேண்டா. ஆழத்தில் நீர் நிரம்பினால் காலைத் தூக்கவே இயலாது. கரையேறியதும் நன்னீரில் கழுவி, விரலிடுக்குகளை ஒற்றித் துடைக்க வேண்டும். பிறகு வீட்டார் ஒருவர் உள்ளங்காலை வெளிச்சத்தில் பார்க்கட்டும். கண் மங்கிய முதியவரால் அதைத் தாமே செய்ய இயலாது.

செருப்பை வாசலில் விடும் வழக்கத்தை மாற்றச் சொல்லவில்லை. மரத்த பாதமுடையவருக்கு வீட்டுக்குள் அணிவதற்கென்றே இன்னொரு இணை இருக்கட்டும்.

அடுத்த முறை வரும்போது, ஊருக்குப் போகவென்று எடுத்துவைத்த புதுச் செருப்பை அணிந்து வராதீர்கள். அன்றாடம் தேயும் அந்தப் பழையதையே கொண்டுவாருங்கள். எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது என்பதை நாங்கள் பார்க்க வேண்டும்.