மனநலம் படிக்க எங்கே போவது?

சென்ற பௌர்ணமிக்கு முன்தினம் அக்கா மகள் அடி அண்ணாமலைக்கு வந்திருந்தாள். எம்.பி.பி.எஸ். முடித்து, முதுநிலை நீட் எழுதி, மனநல மருத்துவம்தான் என்று தீர்மானித்துவிட்டவள். பெங்களூர் நிம்ஹான்ஸுக்கான தனித் தேர்வு கைநழுவிப் போயிற்று. பிற கல்லூரிகளுக்கான விருப்பப் பட்டியலை மறுநாள் மாலைக்குள் உறுதி செய்தாக வேண்டும். முதல் பத்து இடங்களில் பெருநகரக் கல்லூரிகளும் வட இந்தியக் கல்லூரிகளுமே இருந்தன. "பேர் இருக்கிற காலேஜ்னா பின்னாடி அமெரிக்கா போக வசதி மாமா" என்றாள். நான் மருத்துவனல்லன், கதையும் கவிதையும் படித்துப் பொழுதைக் கழிப்பவன். இருந்தும் கருத்துச் சொன்னேன். அதையே இங்கே சற்று ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன்.

எங்களூர் கோயிலைத் தாண்டிக் கிரிவலப் பாதையோரப் புளியமரத்தடியில் ஒருவர் பல ஆண்டுகளாக உட்கார்ந்திருக்கிறார். பௌர்ணமி இரவில் அவர் காலில் விழுந்து எழுகிறவர்கள் உண்டு. மற்ற நாட்களில் சிறுவர்கள் கல்லெறிகிறார்கள். சேஷாத்திரி சுவாமிகளையே பித்தர் என்று சொன்ன ஊர் இது. ஆகவே இவரை என்ன செய்வதென்று ஒருவருக்கும் தெரியவில்லை. அவர் முணுமுணுப்பது தெலுங்கு என்பதைக்கூடப் பூ விற்கும் அம்மாள்தான் கண்டுபிடித்தார்.

இங்கிருந்துதான் என் முதல் வாதம். இதய மருத்துவருக்கு நோயாளியின் மொழி தெரியாவிட்டாலும் கருவி பேசும். மனநலத்தில் நோயாளியின் பேச்சே சோதனைக்கூடம். "நெஞ்சடைக்கிறது", "மனசு சரியில்லை", "யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள்" என்ற மூன்றும் ஒரே நோயின் மூன்று வாசல்களாக இருக்கலாம். மூன்று வெவ்வேறு துயரங்களாகவும் இருக்கலாம். அந்தக் காது பழகும் மூன்றாண்டுகளை அரைகுறையாய்த் தெரிந்த மொழியில் கழிப்பது சரியா?

அமெரிக்கக் கனவைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. இங்கே எம்.டி. முடித்தாலும் அங்கே பெரும்பாலும் நான்காண்டுப் பயிற்சியை முதலிலிருந்து தொடங்க வேண்டும். போவதென்றால் இப்போதே போகலாம். குழந்தை மனநலத்திலோ போதை மீட்பிலோ மேற்படிப்பு வேண்டுமென்றால், அதற்கெனத் தனிப் பிரிவு நடக்கும் கல்லூரியாகப் பார்க்க வேண்டும். அது வேறு கணக்கு.

ஆனால் அவள் ஆசை அதுவன்று. நம் பக்கத்திலேயே மருத்துவம் பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே பட்டியலை வேறு திசையில் போட்டிருந்தாள். அப்படியானால் கட்டடத்தைப் பார்க்காதே, நோயாளியின் பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று பார் என்றேன். வேலூர் சி.எம்.சி.யின் பாகாயம் மனநல மையம் 1957இல் தொடங்கியபோதே நோயாளியோடு குடும்பத்தினரும் தங்க இடம் கொடுத்தது. நோயாளியைப் பூட்டி வைப்பதே வைத்தியமாக இருந்த காலம் அது. கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகத்தின் வரலாறு 1794க்குப் போகிறது. அதன் கண்காணிப்பாளராக இருந்த டாக்டர் சாரதா மேனன் பிற்பாடு 1984இல் ஸ்கார்ஃப் நிறுவனத்தைத் தொடங்கினார். காப்பகத்தை விட்டு வெளியே போனவர்களுக்கு என்ன ஆகிறது என்ற கேள்வி அவருக்கு முக்கியமாயிருந்தது. இந்தக் கேள்வியைக் கேட்கிற ஆசிரியர்கள் எந்தக் கல்லூரியில் இருக்கிறார்கள் என்பதைத் தரவரிசை சொல்லாது. அங்கே படிக்கும் சீனியர்களைத்தான் கேட்க வேண்டும். இப்போது முதுநிலை மாணவர்கள் மூன்று மாதம் மாவட்ட மருத்துவமனையில் பணிபுரிய வேண்டும் என்ற விதியும் உண்டு. அதைக் கல்லூரி படிப்பாக நடத்துகிறதா, விடுமுறையாக விட்டுவிடுகிறதா? அதையும் விசாரிக்கலாம்.

2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயில் கருகினார்கள். அவர்களை அங்கே கொண்டுபோய் விட்ட குடும்பங்களை எளிதில் ஏசிவிடலாம். ஆனால் பேருந்தில் போய் வரும் தூரத்தில் ஒரு மனநல மருத்துவர் இருந்திருந்தால் அவர்களில் எத்தனை பேர் அங்கே போயிருப்பார்கள்? 2017ஆம் ஆண்டுச் சட்டம் சங்கிலியைத் தடை செய்தது. மருத்துவரை உண்டாக்கச் சட்டத்தால் முடியாது. இன்றும் இந்தியாவில் லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லை.

இலக்கிய நண்பர்களிடம் ஒரு வார்த்தை. பித்துநிலையைப் படைப்பின் ஊற்று என்று கொண்டாடும் பழக்கம் நமக்கு உண்டு. நானும் கொண்டாடியவன்தான். ஆத்மாநாம் 1984இல் தற்கொலை செய்துகொண்டபோது அவருக்கு வயது 33. மனநோயால் அவர் பட்ட பாட்டை அறிந்த பிறகு அந்தக் கொண்டாட்டம் எனக்குக் கூசுகிறது.

மறுநாள் மாலை பட்டியலைப் பூட்டுமுன் காட்டினாள். கீழ்ப்பாக்கத்தில் பயிற்சி தரும் சென்னை மருத்துவக் கல்லூரி முதலிடத்துக்கு வந்திருந்தது. இரண்டு வட இந்தியக் கல்லூரிகள் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தன.

"இதென்ன?" என்றேன்.

"இந்தி கத்துக்கிறேன் மாமா. இங்கே மரத்தடியில ஒரு தெலுங்குக்காரர் உட்கார்ந்திருக்காரே, அது மாதிரி அங்கே தமிழ் பேசற ஒருத்தர் உட்கார்ந்திருக்க மாட்டாரா?"

எனக்குப் பதில் தோன்றவில்லை.