பெயர் தந்த மண்

ஓர் ஊரின் பெயரைத் தாங்கி ஓர் அணி ஆடுகளத்தில் இறங்கும்பொழுது, அவ்வூரவர் அதனைத் தம் வீட்டுப் பிள்ளையாகவே கருதுகின்றனர். அது வென்றால் ஊர் மகிழ்கிறது. தோற்றால் ஊர் சோர்கிறது. இவ்வுறவுக்கு ஒப்பந்தமும் இல்லை, ஊதியமும் இல்லை. ஆதலின், தம் பெயரை இரவல் பெற்றுச் சென்ற அணி தமக்கு என்ன கொடுத்தது என்று வினவும் உரிமை ஊராருக்கு உண்டு. மாத்தளை மாவட்டத்துத் தம்புள்ளையின் பெயரால் ஆடிய தொழின்முறைக் கிரிக்கெட் அணியின் வரலாறு இவ்வினாவையே நம்முன் வைக்கின்றது.

லங்கா பிரீமியர் லீக் எனும் சுற்றுப்போட்டி 2020ஆம் ஆண்டு நவம்பர் 26ஆம் திகதி முதன்முறையாகத் தொடங்கியது. கொழும்பு, கண்டி, காலி, யாழ்ப்பாணம், தம்புள்ளை என ஐந்து ஊர்களின் பெயரால் ஐந்து அணிகள் களம் புகுந்தன. ஏனைய நான்கும் பெருநகரங்கள். தம்புள்ளையோ குகைக் கோயிலாலும் மரக்கறிச் சந்தையாலும் பெயர் பெற்ற சிற்றூர். எனினும், தசுன் சானக்கவின் தலைமையில் ஆடிய தம்புள்ளை வைகிங் அணி, முதற்சுற்றின் எட்டு ஆட்டங்களில் ஐந்தில் வென்று, இரண்டில் தோற்று, ஓராட்டம் முடிவின்றிப் போக, 11 புள்ளிகளுடன் இரண்டாம் இடத்தைப் பெற்றது. அரையிறுதியில் யாழ்ப்பாண அணியிடம் 37 ஓட்டங்களால் தோல்வியுற்றது. அந்த யாழ்ப்பாண அணியே டிசெம்பர் 16ஆம் திகதி கிண்ணத்தையும் வென்றது. புதிய அணியொன்றின் முதலாண்டுக்கு இது இழிவான பேறன்று.

ஆனால், அவ்வாட்டங்களுள் ஒன்றேனும் தம்புள்ளையில் நடைபெறவில்லை. கொவிட் பெருந்தொற்றின் காரணமாக அனைத்தும் அம்பாந்தோட்டையில், பார்வையாளர் இன்றி, நடத்தப்பட்டன. அவ்வாண்டை நாம் குறைகூறோம். நோய்க்கு அஞ்சிய காலத்தில் வேறு வழியிருக்கவில்லை. ஆனால் 2021, 2022, 2023 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் அந்த அணி தன் பெயருக்குரிய ஊரில் ஆடவில்லை. ஐந்தாம் பருவமாகிய 2024ஆம் ஆண்டு யூலை மாதத்திலேதான் அப்பேறு கிட்டியது.

மைதானம் இல்லாமையா காரணம்? அன்று. தம்புள்ளை விகாரைக்குரிய நிலத்தில் 167 நாட்களிற் கட்டியெழுப்பப்பட்ட றங்கிரி மைதானம், 2001ஆம் ஆண்டு மார்ச் மாதத்திலேயே இங்கிலாந்து அணியை வரவேற்றது. 2010இல் ஆசியக் கிண்ணப் போட்டிகள் அங்கேதான் நடந்தன. நாடுகள் பல வந்து ஆடிய மைதானத்துக்கு அவ்வூரின் சொந்த அணி வந்துசேர நான்கு பருவங்கள் கழிய வேண்டியதாயிற்று!

பெயரேனும் நிலைத்ததா? 2020இல் வைகிங், 2021இல் ஜயன்ட்ஸ், 2022இலும் 2023இலும் ஓரா, 2024இல் தண்டர்ஸ். அவ்வாண்டு மே மாதத்தில் ஆட்ட நிர்ணயக் குற்றச்சாட்டின் பேரில் உரிமையாளர் கைதாகவே, ஒப்பந்தம் நீக்கப்பட்டு, புதிய உரிமையாளரின் கீழ் சிக்சர்ஸ் என்று மீண்டும் ஒரு பெயர் சூட்டப்பட்டது. முதலாளி மாறுந்தோறும் கொடி மாறுகிறது, நிறம் மாறுகிறது. மாறாதிருப்பது தம்புள்ளை என்னும் சொல் ஒன்றே. அதாவது, விலைகொடாது பெற்ற சொல் ஒன்றே நிலைத்தது.

ஊருக்கும் அணிக்கும் உள்ள உறவு எத்தகையதாக அமையலாம் என்பதற்கு அந்த முதற்பருவத்திலேயே சான்று உண்டு. யாழ். மத்திய கல்லூரியில் பயின்ற 18 வயது இளைஞர் விஜயகாந்த் வியாஸ்காந்த், யாழ்ப்பாண அணிக்காகத் தம் முதல் ஆட்டத்தில் இறங்கி, அஞ்சலோ மத்தியூசின் விக்கெட்டை வீழ்த்தினார். அன்று வடபுலத்துச் சிறுவர் எத்தனை பேர் தத்தம் ஒழுங்கைகளில் சுழற்பந்து வீசிப் பார்த்திருப்பர்! ஓர் அணி ஓர் ஊருக்குத் தரக்கூடிய பெருஞ்செல்வம் அதுவே.

மாத்தளைச் சிறுவருக்கும் அச்செல்வம் வேண்டும். 19ஆம் நூற்றாண்டில் மன்னாரிலிருந்து கால்நடையாக வந்த நம் முன்னோர், தம்புள்ளை வழியாகவே மாத்தளையின் கோப்பித் தோட்டங்களை அடைந்தனர். வழியில் மாண்டோர் பலர். அவர்தம் வழித்தோன்றல்கள் இன்று லயத்து முன்றிலில் பலகைத் துண்டைத் துடுப்பாக்கி ஆடுகின்றனர். வடக்கே வயற்புறத்துச் சிங்களச் சிறுவனும் அவ்வாறே ஆடுகின்றான். இவ்விருவரையும் ஒரே அணியின் பெயர்ப்பட்டியலிற் காணும் நாளன்றோ அப்பெயர் பொருள் பெறும் நாள்?

இலங்கைக் கிரிக்கெட் நிறுவனத்தார் செய்யவேண்டுவன கடினமானவை அல்ல. ஒவ்வோர் அணியும் பருவந்தோறும் இரண்டு ஆட்டங்களேனும் தன் ஊரில் அல்லது அதற்கு அண்மையில் ஆடவேண்டும். அவ்வூரின் மாவட்டத்து இளைஞர் இருவரைக் கட்டாயம் சேர்த்துப் பயிற்றவேண்டும். வருவாயில் ஒரு பங்கு, தோட்டப் பாடசாலைகளும் கிராமப் பாடசாலைகளும் ஆடுகளம் பெறச் செலவாகவேண்டும். அணியின் பெயர் முதலாளியின் விருப்பப்படி மாறாது, ஊரின் உடைமையாக நிலைக்கவேண்டும்.

வாங்கியவர் வருவர், விற்றவர் போவர். பெயர் தந்த ஊரோ அங்கேயே இருக்கின்றது. அவ்வூரின் பிள்ளைகளுக்குப் பந்தும் களமும் கொடுத்தபின் வெற்றி தோல்வியைப் பேசுவோம்.