மழைக்கணக்கு நம்ம கையில் இருக்கட்டும்!

தலையங்கம்



ஐப்பசி பிறந்தால் போதும், நம்ம பகுதியில் எல்லார் கண்ணும் கிழக்கே திரும்பிவிடும். அண்ணனூர், ஆவடி, பட்டாபிராம், திருநின்றவூர், பூந்தமல்லி, திருமழிசை என்று சுற்றிலும் வீடும் கம்பெனியும் முளைத்துவிட்டன. மிச்சம் இருக்கிற கழனியில்தான் சம்பா, நவரை, கீரை, மல்லிகை என்று வைத்துப் பிழைத்துக்கொண்டு இருக்கிறோம். அண்ணனூரிலிருந்து வங்கக் கடல் இருபது கிலோமீட்டருக்குள்தான். கடலில் ஒரு சுழி விழுந்தால் நம்ம வயிற்றில் விழுந்த மாதிரி.

தமிழ்நாட்டின் வருஷ மழையில் ஏறக்குறையப் பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரை உள்ள மூன்று மாதத்தில்தான் கிடைக்கிறது. மாநில சராசரி சுமார் 44 செ.மீ. நம்மைப் போன்ற கடலோர மாவட்டங்களுக்கு இந்த மழையின் பங்கு இன்னும் அதிகம். இந்த மழை வந்தால்தான் ஏரி ரொம்பும், கிணறு ஊறும், நவரைக்குத் தண்ணீர் நிற்கும். இதே மழை ஒரே ராத்திரியில் கொட்டினால் பொதி கட்டிய சம்பா மூழ்கிப் போகும். மழை வேணாம் என்று சொல்ல முடியாதவன் விவசாயி. அதனால் நாம் கேட்பது ஒன்றுதான்: எப்போ வருது, எவ்வளவு வருது, எந்தப் பக்கம் போகுது? இதை எங்களுக்குப் புரிகிற மாதிரி, எங்கள் ஊர் அளவுக்குச் சொல்லுங்கள் என்பதுதான்.

டி.வி.யைப் போட்டால் "சென்னை மற்றும் புறநகரில் மழைக்கு வாய்ப்பு" என்கிறார்கள். பட்டணத்துக்காரருக்கு அது போதும். பள்ளிக்கூடம் உண்டா லீவா, ரயில் ஓடுமா ஓடாதா என்று தெரிந்துவிடும். நமக்கு அது போதுமா? இன்றைக்கு யூரியா போட்டால் நாளைக்குக் கரைந்து காவாயில் ஓடுமா? அறுவடை மிஷினை வரச் சொல்லலாமா? களத்தில் கொட்டிய நெல்லுக்குத் தார்ப்பாய் வாடகைக்கு எடுக்கணுமா? இதற்கெல்லாம் பதில் அந்த ஒரு வரியில் இல்லை.

நாலு புயல், நாலு பாடம்

"புயல் எங்கே கரையைக் கடக்கும்?" என்று மட்டும் கேட்டுக்கொண்டு இருந்தால் போதாது என்பதை நாலு புயல்கள் நமக்குச் சொல்லிக்கொடுத்து இருக்கின்றன.

2016 டிசம்பர் 12-ல் வந்த வர்தா சென்னை அருகே கரையைக் கடந்தது. அது காற்றுப் புயல். மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் அடித்த காற்றில் மரமும் மின்கம்பமும் சாய்ந்தன. வாழை வைத்தவனுக்கு அந்த ஒரு பகல் போதும்.

2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் வந்த மிக்ஜாம் நம்ம கரையைத் தொடவே இல்லை. சென்னைக்குக் கிழக்கே கடலிலேயே மெதுவாக நகர்ந்தது. கடைசியில் 5-ம் தேதி ஆந்திராவில் பாபட்லா பக்கம்தான் கரை ஏறியது. ஆனால் ஆவடி, பூந்தமல்லி பகுதியில் ஒரே நாளில் 25 செ.மீ.க்கு மேல் கொட்டித் தீர்த்துவிட்டது. ஒரு ஏக்கர் கழனியில் ஒரு செ.மீ. மழை என்றால் சுமார் 40,000 லிட்டர் தண்ணீர். 25 செ.மீ. என்றால் ஏக்கருக்குப் பத்து லட்சம் லிட்டர்! போக்குக் கால்வாய் தூர்ந்து கிடந்தால் அந்தத் தண்ணீர் எங்கே போகும்? பயிர் மேலேதான் நிற்கும்.

2024 நவம்பர் 30 ராத்திரி புதுச்சேரி அருகே கடந்த ஃபெஞ்சல், கரை ஏறின பிறகும் அதே இடத்தில் நின்றுகொண்டது. மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை. அதற்குப் பிறகு கடலே இல்லாத கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையிலும் 50 செ.மீ. பெய்தது. கடலோரத்தைத் தாண்டிவிட்டால் பிழைத்தோம் என்ற நினைப்பு அன்றைக்கே போய்விட்டது.

2025 நவம்பர் கடைசியில் இலங்கையைச் சூறையாடிவிட்டு வந்த டிட்வா, நம்ம கரையை நெருங்க நெருங்க வலுவிழந்தது. "புயல் போய்விட்டது" என்று பலரும் மூச்சு விட்டார்கள். ஆனால் வலுவிழந்து சென்னைக்கு அருகில் கடலில் நின்றபோதுதான் டிசம்பர் முதல் நாட்களில் சென்னை, திருவள்ளூர் மாவட்டங்களில் மழை கொட்டியது. புயல் என்ற பேர் காற்றின் வேகத்துக்குக் கொடுப்பது. மணிக்கு 62 கிலோமீட்டருக்கு மேல் காற்று சுழன்றால் புயல். அதற்குக் கீழே ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம். அதற்கும் கீழே தாழ்வு மண்டலம். பேர் போனாலும் மழை போகாது. இதை ஒவ்வொரு விவசாயியும் மனசில் வைக்கணும்.

ஆகவே வானிலைச் செய்தி கேட்கும்போது நாலு விஷயத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். சென்னையிலிருந்து எத்தனை கிலோமீட்டரில் இருக்கிறது? எந்தத் திசையில் நகர்கிறது? மணிக்கு எத்தனை கிலோமீட்டர் வேகம்? நேற்றைக்கு இருந்ததைவிட வேகம் குறைந்து இருக்கிறதா? 300 கிலோமீட்டரில் இருப்பது மணிக்குப் பத்து கிலோமீட்டர் நகர்ந்தால் நமக்கு முப்பது மணி நேரம் இருக்கிறது. வேகம் குறைந்து நின்றுகொண்டது என்றால்தான் ஆபத்து. மடையைத் திறந்து வடிய விட வேண்டிய நேரம் அதுதான்.

மாவட்டம் முழுசுக்கும் ஒரே கலரா?

மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று எச்சரிக்கை கொடுக்கிறார்கள். 24 மணி நேரத்தில் சுமார் 6.5 செ.மீ.க்கு மேல் கனமழை, 11.5-க்கு மேல் மிகக் கனமழை. 20-க்கு மேல் அதி கனமழை. நல்லதுதான். ஆனால் திருவள்ளூர் மாவட்டம் என்பது பழவேற்காட்டுக் கடலில் ஆரம்பித்துப் பள்ளிப்பட்டு மலையடிவாரம் வரை போகிறது. பழவேற்காட்டில் ஊற்றும், திருத்தணியில் தூறும். இரண்டுக்கும் ஒரே கலர் என்றால் விவசாயி எதை நம்பி முடிவு எடுப்பது?

கணிப்பும் எல்லா நேரமும் சரியாக வருவதில்லை. 2021 டிசம்பர் 30-ல் சென்னையில் சில இடங்களில் சில மணி நேரத்தில் 20 செ.மீ.க்கு மேல் பெய்தது. முன்கூட்டி உரிய எச்சரிக்கை இல்லை. அதைச் சொல்லி மாநில முதலமைச்சரே ஒன்றிய உள்துறை அமைச்சருக்குக் கடிதம் எழுதினார். 2024 அக்டோபர் 16-ல் சிவப்பு எச்சரிக்கை கொடுத்தார்கள். பயந்த அளவுக்கு அன்றைக்கு மழை இல்லை. விஞ்ஞானிகளைக் குறை சொல்வது நம்ம வேலை இல்லை. கடல் மேலே இருக்கிற சுழி நினைத்த பக்கம் திரும்பும். அதைக் கணிப்பது லேசான காரியமும் இல்லை. நம்ம கேள்வி வேறு. கிராமத்துக்குப் பக்கத்தில் இருந்து சொல்ல வேண்டிய ஏற்பாட்டை ஏன் குறைக்கிறீர்கள்? நாடு முழுக்க வேளாண் அறிவியல் நிலையங்களில் இருந்து வட்டார அளவில் விவசாயிகளுக்கு வானிலை ஆலோசனை சொல்லிக்கொண்டு இருந்த 199 மாவட்ட வேளாண் வானிலை அலகுகளை 2024-ல் இழுத்து மூடினார்களே, அது யாரைக் கேட்டு?

ஏரி திறப்பும் இதே கதைதான். 2015 டிசம்பர் 1-ல் செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி திறந்ததாக அரசுக் கணக்கே சொன்னது. அந்த வெள்ளத்தை மத்திய தணிக்கைத் துறையும் பின்னால் கடுமையாகக் குறை சொன்னது. பூண்டியைத் திறந்தால் கொசஸ்தலை ஆற்றங்கரைக் கழனி. அம்பத்தூர் ஏரி கலங்கல் போனால் கொரட்டூர் ஏரிப் பக்கம். மேலே பெய்த மழையும், மேலே திறந்த மதகும் கீழே இருப்பவனுக்கு முன்னாடியே தெரியணும். தெரிந்தால் மோட்டாரைக் கழற்றலாம், மாட்டை மேட்டுக்கு ஓட்டலாம், கட்டு கட்டிய நெல்லைத் தூக்கலாம்.

காப்பீடு யாருக்கு?

பயிர்க் காப்பீட்டில் சம்பாவுக்குக் காப்பீட்டுத் தொகையில் ஒன்றரை சதவீதம் நாம் கட்டுகிறோம். நஷ்டக் கணக்கு மட்டும் கிராமத்துச் சராசரி மகசூலை வைத்து. ஏரிக்குக் கீழே பள்ளத்தில் இருப்பவன் கழனி பத்து நாள் மூழ்கிக் கிடக்கும், மேட்டுக் கழனி விளைந்துவிடும், சராசரி சரியாகிவிடும், பள்ளத்துக்காரனுக்கு ஒரு பைசா வராது! தனி நபர் கழனியை வந்து பார்க்கும் 'இடம்சார் பேரிடர்' பிரிவிலிருந்து நெல் மூழ்குவதை 2018-ல் எடுத்துவிட்டார்கள். விவசாயிகள் விடாமல் கேட்ட பிறகு, 2026 காரிப் பருவம் முதல் திரும்பச் சேர்ப்பதாக 2025 நவம்பரில் ஒன்றிய அரசு அறிவித்தது. நல்ல சேதிதான். ஆனால் அந்தப் பிரிவில் 72 மணி நேரத்துக்குள் தகவல் கொடுக்கணும். மூன்று நாளும் கழனியில் இடுப்பளவு தண்ணீர், கரண்டு இல்லை, செல்லில் சார்ஜ் இல்லை என்றால் எப்படிக் கொடுப்பது? கொடுத்தாலும், "உங்கள் ஊரில் அவ்வளவு மழை பதிவாகவில்லையே" என்று கேட்டால் என்ன காட்டுவோம்?

இங்கேதான் நம்ம வேலை ஆரம்பிக்கிறது.

ஊருக்கு ஒரு மழை நோட்டு

எறும்பு முட்டை தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஏறினால் மழை, தும்பி தாழப் பறந்தால் மழை என்று நம்ம பெரியவர்கள் பார்த்தார்கள். அந்தக் கண்ணை நாம் விட வேணாம். அதோடு அளவையும் சேர்ப்போம். செலவு பெரிசாக இல்லை. கழனியில் மிஞ்சிப் போன நாலு இஞ்சு பி.வி.சி. குழாயில் ஒன்றரை அடித் துண்டு எடுங்கள். அடியில் மூடி போட்டுத் தண்ணீர் கசியாமல் ஒட்டுங்கள். மரமும் கூரையும் மறைக்காத வெட்டவெளியில் நேராக ஒரு கம்பத்தில் கட்டுங்கள். குழாய் வாய் கம்பத்தின் உச்சிக்கு மேலே இருக்கட்டும். தினமும் காலை 8.30 மணிக்கு ஒரு ஸ்கேல் விட்டு அளந்து, தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். எத்தனை மில்லிமீட்டர் நிற்கிறதோ அதுதான் உங்கள் ஊர் மழை. அரசு மழைமானியும் 8.30-க்குத்தான் கணக்கு எடுக்கிறது. அதனால் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

நோட்டில் தேதி, மழை அளவு, காற்றுத் திசை, ஏரித் தண்ணீர் கலங்கலுக்கு எவ்வளவு கீழே நிற்கிறது, பள்ளக் கழனியில் தண்ணீர் எத்தனை நாள் நின்றது என்று எழுதுங்கள். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளிடம் கொடுங்கள், அழகாக எழுதுவார்கள். மூழ்கின பயிரைத் தேதியோடு படம் எடுத்து வையுங்கள். இதுவே சட்டப்படி முழு சாட்சி ஆகிவிடாது. ஆனால் பத்து ஊர் நோட்டு ஒரே கணக்கைச் சொன்னால், ஆபீசில் உட்கார்ந்து எழுதிய கணக்கு அதற்குப் பதில் சொல்லியே ஆகணும். ஒருத்தன் சொன்னால் புலம்பல். ஊரே எழுதினால் ஆதாரம்!

நமது கோரிக்கைகள்

1. தமிழக அரசின் திட்டத்தில் அமைக்கும் 1,400 தானியங்கி மழைமானிகள், 100 தானியங்கி வானிலை நிலையங்களின் அளவை ஒவ்வொரு நாளும் அந்தந்த ஊராட்சி அலுவலகம், கூட்டுறவுச் சங்கம், கொள்முதல் நிலையத்தில் எழுதிப் போட வேண்டும்.

2. மாவட்டம் முழுமைக்கும் ஒரே எச்சரிக்கை என்று இல்லாமல், குறுவட்ட அளவில் தமிழில், பயிருக்குத் தகுந்த ஆலோசனையோடு அறிவிப்பு கொடுக்க வேண்டும்.

3. மூடிய வேளாண் வானிலை அலகுகளின் பணியை நிரந்தர ஊழியர்களோடு மீண்டும் நடத்த வேண்டும்.

4. ஏரி, அணை திறப்பதற்கு முன் கீழ்க் கிராமங்களுக்குத் தண்டோரா, ஒலிபெருக்கி, செல்போன் மூலம் போதிய நேரம் கொடுத்துத் தெரிவிக்க வேண்டும்.

5. பருவமழைக்கு முன், புரட்டாசிக்குள், வரத்துக் கால்வாய், போக்குக் கால்வாய், மதகுகளைச் சீர் செய்து, ஆக்கிரமிப்பை அகற்ற வேண்டும்.

6. நெல் மூழ்குவதைக் காப்பீட்டில் சேர்த்த அறிவிப்பை நம்ம மாவட்டத்தில் முழுசாக நடைமுறைப்படுத்த வேண்டும். பேரிடர் நேரத்தில் 72 மணி நேரக் கெடுவை நீட்டிக்க வேண்டும். வி.ஏ.ஓ., வேளாண் உதவி அலுவலர் மூலம் கையால் எழுதிக் கொடுத்தாலும் ஏற்க வேண்டும்.

7. ஃபெஞ்சலின்போது பாதித்த நெல்லுக்கு ஹெக்டேருக்கு 17,000 ரூபாய் அறிவித்தார்கள். ஏக்கருக்கு ஏழாயிரம்கூட வரவில்லை. உழவுக்கும் நடவுக்குமே அது பத்தாது. உண்மையான சாகுபடிச் செலவைக் கணக்கிட்டு நிவாரணம் தர வேண்டும். குத்தகைதாரருக்கும் அது கிடைக்க வேண்டும்.

விவசாயத் தோழர்களே! புயலை நிறுத்த யாராலும் முடியாது. ஆனால் புயல் வருமுன் சேதி சொல்லாததும், வந்த பின் கணக்கைக் குறைப்பதும் இயற்கை செய்கிற வேலை இல்லை. அதை மாற்ற முடியும். இந்த மாத விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்துக்கு மனுவோடு மட்டும் வராதீர்கள். உங்கள் ஊர் மழை நோட்டையும் கையோடு எடுத்து வாருங்கள். கலெக்டர் மேஜை மேல் அத்தனை நோட்டையும் அடுக்கி வைப்போம். பதில் வாங்கிக்கொண்டு எழுந்திருப்போம்.

மழையை அளப்போம்! ஊர் ஊராய் எழுதுவோம்!
கழனி மூழ்கினால் கணக்கு கேட்போம்!
ஒன்றுபடுவோம்! போராடுவோம்! வெற்றி பெறுவோம்!

இவண்,
செயலாளர்