வீட்டிலேயே பீர், ஒயின் செய்தால் சிறையா? சூலூரில் ஒரு ‘ஹோம்ப்ரூ’ நண்பர்கள் வட்டம் ஏன் உருவாக முடியாது?

“ஏனுங்க்கா, உறை ஊத்தக் கொஞ்சம் மோர் இருக்குங்களா?” பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி இப்படிக் கேட்பது கொங்குப் பக்கத்தில் இன்றும் சாதாரணம். ஒரு வீட்டு மோரில் இருக்கும் நுண்ணுயிர் அடுத்த வீட்டுப் பாலைத் தயிராக்குகிறது. கூடவே மாவு புளிக்கலையா, குளிருக்கு எங்கே வைக்கிறது என்ற பேச்சும் நடக்கும்.

உலகம் முழுக்க இருக்கும் ‘ஹோம்ப்ரூயிங்’ ஆர்வலர்கள் செய்வதும் கிட்டத்தட்ட இதுதான். ஒரே வித்தியாசம், அவர்கள் பரிமாறிக்கொள்வது உறை மோர் அல்ல, ஈஸ்ட். ஜாடியில் இருப்பது தயிர் அல்ல, பீரோ ஒயினோ.

பெங்களூரு வார இறுதிகளில் கிராஃப்ட் பீர் பழகி, யூடியூபில் செய்முறை பார்த்துவிட்டு, ‘நாமும் வீட்ல ட்ரை பண்ணலாமா?’ என்று யோசிக்கும் கோவை இளைஞர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, எல்லை தாண்டினால் மாறும் சட்டத்தை. சூலூரில் அது என்ன சொல்கிறது? அந்தச் சட்டத்தால் நாம் காப்பாற்றுவது எதை, இழப்பது எதை?

ஹோம்ப்ரூயிங்னா என்ன? அதில் நட்பு எங்கே வருகிறது?

விற்பதற்காக இல்லாமல், சொந்த உபயோகத்துக்காக வீட்டிலேயே பீர், ஒயின் போன்றவற்றை நொதிக்க வைப்பதுதான் ஹோம்ப்ரூயிங். பிரிட்டனில் 1963 வரை வீட்டில் பீர் தயாரிக்க லைசென்ஸ் வேண்டியிருந்தது. நிதியமைச்சர் ரெஜினால்ட் மாட்லிங் அதை நீக்கினார். அமெரிக்காவில் 1978 அக்டோபரில் அதிபர் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம், இரண்டு பெரியவர்கள் உள்ள வீட்டுக்கு ஆண்டுக்கு 200 கேலன் வரை வரியில்லாமல் பீர் தயாரிக்க வழிவிட்டது. விற்க மட்டும் கூடாது.

அதே ஆண்டு கொலராடோவின் போல்டர் நகரில் சார்லி பாப்பாசியன் உள்ளிட்டோர் ‘அமெரிக்க ஹோம்ப்ரூவர்ஸ் அசோசியேஷன்’ தொடங்கினார்கள். ஊர் ஊராகக் குழுக்கள் வளர்ந்தன. அவற்றின் மாதக் கூட்டத்தில் நடப்பது பெரும்பாலும் குடி அல்ல, விமர்சனம். ஆளுக்கொரு பாட்டில் கொண்டுவருவார்கள். ஆளுக்கு ஒரு வாய். “வெண்ணெய் வாடை வருது, சீக்கிரம் குளிர வெச்சுட்ட”, “இது புளிச்சுப்போச்சு, ட்யூபைச் சரியாக் கழுவலை” என்று முகத்துக்கு நேராகச் சொல்வார்கள். 50 மதிப்பெண்ணுக்கு மார்க் போடும் பயிற்சி பெற்ற நடுவர்கள்கூட உண்டு.

ஐடி நண்பர்களுக்கு ஒரு கொசுறுத் தகவல்: ஸ்டீவ் வோஸ்னியாக் தன் முதல் ஆப்பிள் கம்ப்யூட்டரைக் காட்டிய கலிபோர்னியா குழுவின் பெயர் ‘ஹோம்ப்ரூ கம்ப்யூட்டர் கிளப்’. 1975இல் தொடங்கியது. அங்கே யாரும் பீர் தயாரிக்கவில்லை. கையால் செய்து, கொண்டுவந்து காட்டி, திட்டு வாங்கித் திருத்துவது என்ற பழக்கத்துக்குத்தான் அந்தப் பெயர்.

சரி, விற்காம நாமளே செஞ்சு குடிச்சா என்ன தப்பு?

தமிழ்நாட்டில் தப்புதான். 1937ஆம் ஆண்டின் தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம் ‘மது’ என்பதற்குத் தரும் விளக்கம் மிக அகலமானது. கள், ஒயின், பீர், சாராயம் தொடங்கி, ஆல்கஹால் உள்ள எல்லாத் திரவமும் அதில் அடங்கும். இதன் 4ஆவது பிரிவின்படி, அனுமதியில்லாமல் தயாரிப்பது, வைத்திருப்பது, கொண்டுபோவது, மரத்திலிருந்து கள் இறக்குவது எல்லாம் குற்றம். தயாரிப்பதற்கான பொருள்களையும் பாத்திரங்களையும் வைத்திருப்பதும் குற்றம்.

டாஸ்மாக்கில் வாங்கிய பீர் உங்கள் ஃப்ரிட்ஜில் இருக்கலாம். நீங்களே செய்த பீர் இருக்கக் கூடாது. ‘சொந்த உபயோகத்துக்கு இத்தனை லிட்டர்’ என்று வீட்டுத் தயாரிப்புக்கு எந்த விலக்கும் இல்லை.

தண்டனையும் இப்போது பெரிது. கள்ளக்குறிச்சி துயரத்துக்குப் பிறகு, 2024 ஜூன் 29 அன்று சட்டப்பேரவை இந்தச் சட்டத்தில் திருத்தம் நிறைவேற்றியது. முக்கியக் குற்றங்களுக்கு அதிகபட்சம் 10 ஆண்டு கடுங்காவல், 5 லட்சம் ரூபாய் வரை அபராதம். மது குடித்தவர் இறந்துபோனால் ஆயுள் தண்டனை, 10 லட்சத்துக்குக் குறையாத அபராதம்.

ஆக, சூலூரில் நாலு நண்பர்கள் சேர்ந்து திராட்சை ஒயின் செய்து ருசி பார்க்கும் ஞாயிற்றுக்கிழமையும், மலையடிவாரத்தில் சாராய ஊறல் போடுவதும், சட்டத்தின் கண்ணில் ஒரே பிரிவுக்குள்தான் வருகின்றன.

ஆனால் கள்ளக்குறிச்சி மாதிரி ஆபத்து இதில் இல்லையா?

இங்கே நம் மொழியே ஒரு குழப்பம் செய்கிறது. பீரோ சாராயமோ, எல்லாவற்றுக்கும் ‘காய்ச்சுவது’ என்றே சொல்கிறோம். இரண்டும் வேறு வேறு.

- நொதித்தல்: சர்க்கரையை ஈஸ்ட் தின்று ஆல்கஹாலும் கரியமில வாயுவும் தருகிறது. பீர், ஒயின், கள் எல்லாம் இப்படித்தான். பீருக்கும் அடுப்பு உண்டு, ஆனால் ஈஸ்ட் போடுவதற்கு முன்னால்.
- வடித்தல்: நொதித்து முடிந்த ஊறலைச் சூடாக்கி, ஆவியைக் குளிரவைத்து ஆல்கஹாலைப் பிரித்தெடுப்பது. சாராயம், விஸ்கி, பிராந்தி எல்லாம் இந்த வகை. பழச்சாற்றிலோ தானியத்திலோ இயல்பாக உண்டாகும் மெத்தனால் மிகக் குறைவு. ஆனால் அனுபவமில்லாத வடித்தலில் தீப்பிடிக்கும் ஆபத்தும் மற்ற ஆபத்துகளும் அதிகம்.
- கலப்படம்: தொழிற்சாலை மெத்தனாலைத் தண்ணீரில் கலந்து ‘சாராயம்’ என்று விற்பது. இதில் நொதித்தலும் இல்லை, காய்ச்சலும் இல்லை.

2023 மே மாதம் மரக்காணத்திலும் செங்கல்பட்டு மாவட்டத்திலும் 20க்கும் மேற்பட்டோர், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் 65க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தது மூன்றாவது வகையால். மெத்தனால் உடலுக்குள் ஃபார்மிக் அமிலமாக மாறிக் கண்ணைப் பறிக்கிறது, பிறகு உயிரை.

அந்தச் சாவுகளுக்குப் பின்னால் இருந்தது முகம் தெரியாத வியாபாரம். பாக்கெட்டில் என்ன இருக்கிறது என்று வாங்கியவருக்குத் தெரியாது. பல நேரம் கடைசியாக விற்றவருக்கும் தெரியாது. ஹோம்ப்ரூ குழுவில் நிலைமை தலைகீழ். செய்தவர்தான் முதல் வாய் குடிக்க வேண்டும்.

அதற்காக நொதித்தல் முழுப் பாதுகாப்பு என்றில்லை. மூடிய கண்ணாடி பாட்டிலில் நொதித்தல் தொடர்ந்தால் வாயு அழுத்தம் ஏறி வெடிக்கும். சுத்தம் இல்லாவிட்டால் பூஞ்சை பிடிக்கும். இதையெல்லாம் வெளிப்படையாகப் பேசச் சொல்லித்தரும் மூத்தவர்கள் ஒரு குழுவில் இருப்பார்கள். ஒளித்துச் செய்யும் இடத்தில் அந்தக் குரல் இருக்காது.

சூலூருக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

இருக்குங்க. சூலூர், சுல்தான்பேட்டை, பொள்ளாச்சி என்று தென்னை நிறைந்த பகுதி இது. இந்த மண்ணின் அசல் ‘ஹோம்ப்ரூ’ மரத்திலேயே நடக்கிறது. தென்னம் பாளையைக் கட்டி, தட்டி, நுனியைச் சீவினால் இறங்கும் சாற்றில் சுமார் 12 முதல் 15 சதவீதம் சர்க்கரை. காற்றிலும் கலயத்திலும் இருக்கும் ஈஸ்ட் உடனே வேலையைத் தொடங்கிவிடும். சில மணி நேரத்தில் அது கள். ஆல்கஹால் பெரும்பாலும் பீர் அளவுதான். இன்னும் விட்டால் வினிகர்.

கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவினால் நொதிக்காது. அதுதான் பதநீர். நம்ம ஊரில் ‘தெளுவு’. ஆக, ஒரே மரம், ஒரே பாளை. தெளுவா கள்ளா என்பதைத் தீர்மானிப்பது கொஞ்சம் சுண்ணாம்பு.

கள் ஒருகாலத்தில் கூடிக் குடிக்கும் பொருளாகவும் இருந்தது. கொங்குக்குப் பக்கத்துத் தகடூரை ஆண்ட அதியமான் இறந்தபோது ஔவையார் பாடிய புறநானூற்றுப் பாடல், அவன் கள்ளைப் பகிர்ந்த விதத்தை நினைவுகூர்ந்துதான் தொடங்குகிறது. ஒருவரின் பெருந்தன்மைக்கு அன்று அதுவும் ஓர் அடையாளம்.

சட்டத்தின் கதை இப்படிப் போகிறது. ராஜாஜி அரசு 1937 அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கியது. 1971இல் கருணாநிதி ஆட்சியில் விலக்கு தளர்ந்து, 1974இல் மறுபடி வந்தது. 1981இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் கள், சாராயக் கடைகள் திறந்தன, 1987இல் மூடப்பட்டன. அதன் பிறகு கள்ளுக்கு அனுமதி இல்லை. ஆனால் 2003 முதல் சில்லறை மது விற்பனையை அரசின் டாஸ்மாக் நிறுவனமே நடத்துகிறது. 2023–24இல் அதன்மூலம் கிடைத்த வருவாய் 45,855 கோடி ரூபாய்.

‘பாட்டில் மதுவுக்கு அனுமதி, மரத்துக் கள்ளுக்குத் தடையா?’ என்பதுதான் கள் இயக்கக் கள ஒருங்கிணைப்பாளர் செ.நல்லசாமி போன்றோர் பல ஆண்டுகளாக எழுப்பும் கேள்வி. 2025 ஜூனில் சீமான் தூத்துக்குடி மாவட்டம் பெரியதாழையில் பனை ஏறிக் கள் இறக்கியதும் இதே கோரிக்கைக்காக.

நடுவழியாக 2017இல் அரசு ‘நீரா’வுக்கு அனுமதி கொடுத்தது. தென்னை உற்பத்தியாளர் நிறுவனங்கள் லைசென்ஸ் பெற்று, ஐஸ் பெட்டியில் சாற்றை நொதிக்காமல் பிடித்து விற்கலாம். காசர்கோட்டில் உள்ள மத்திய தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிறுவனம் இதற்கென்றே குளிர்பெட்டி உருவாக்கியிருக்கிறது. சிக்கல், குளிர்ச்சி விட்டால் நீரா தானாகவே கள் ஆகிவிடும். மரத்தடியிலிருந்து கடை வரை குளிர்ச்சியைக் காப்பாற்றும் செலவு முழுக்க விவசாயி தலையில்.

மத்த ஊர்ல எப்படி?

மது மாநிலப் பட்டியலில் வரும் விஷயம். அதனால் ஊருக்கு ஒரு சட்டம். சூலூரிலிருந்து நீலாம்பூர் பைபாஸ் பிடித்து வாளையாறு தாண்டினால், பாலக்காட்டில் கள்ளுக்கடை சட்டப்படி இயங்குகிறது. அங்குள்ள சித்தூர் தாலுகாவிலிருந்துதான் கேரளத்தின் பல மாவட்டங்களுக்குக் கள் போகிறது. அதே கேரளத்தில், 2019 கிறிஸ்துமஸ் சமயத்தில், லைசென்ஸ் இல்லாமல் வீட்டில் ஒயின் செய்வது குற்றம் என்று கலால் துறை எச்சரித்தது. கோவாவின் முந்திரி ஃபெனிக்கு 2009இலும், அசாமின் திமாசா மக்கள் வீட்டில் செய்யும் ‘ஜூடிமா’ அரிசி மதுவுக்கு 2021இலும் புவிசார் குறியீடு கிடைத்தது. ஓரிடத்தில் பாரம்பரியம், இன்னோரிடத்தில் எஃப்ஐஆர்.

தடையை ஆதரிப்பவர்கள் சொல்வதில் நியாயம் இல்லையா?

நிச்சயமாக இருக்கிறது. அரசியல் சாசனத்தின் 47ஆவது பிரிவு மதுவிலக்கை நோக்கி நகருமாறு மாநிலங்களைக் கேட்கிறது. டாஸ்மாக் கடைகளை மூடச் சொல்லித் தெருவில் இறங்கியவர்களில் பெரும்பாலோர் பெண்கள். சேலத்து காந்தியவாதி சசிபெருமாள் 2015இல் மதுவுக்கு எதிரான போராட்டத்திலேயே உயிரைவிட்டார். குடியால் ஒரு குடும்பம் சிதைவதைப் பார்த்தவருக்கு, ‘இது ஹாபிங்க’ என்ற வாதம் எரிச்சல்தான் தரும்.

நடைமுறைச் சிக்கலும் உண்டு. வீட்டுக்கு 20 லிட்டர் அனுமதி என்றால், 21ஆவது லிட்டரை யார் அளப்பது? ‘சொந்த உபயோகம்’ என்ற பெயரில் விற்பனை நடக்காதா? அமெரிக்கா, பிரிட்டன் அனுபவத்தை அப்படியே இங்கே ஒட்ட முடியாது.

ஆனால் தயாரிப்பு, விற்பனை, கலப்படம் மூன்றையும் ஒரே பையில் போட்டுக் கட்டுவதால் ஒரு நஷ்டம் இருக்கிறது. போலீஸின் கவனம் மெத்தனால் எங்கிருந்து கசிகிறது என்பதில் குவிய வேண்டிய நேரத்தில், தென்னை மரத்துக் கலயமும் கணக்கில் சேர்ந்துவிடுகிறது. எது கெட்டது, எது ஆபத்து என்று ஒருவருக்கொருவர் சொல்லித்தரும் வட்டங்களும் உருவாவதில்லை.

அப்போ ஆர்வம் இருக்கிறவங்க என்ன செய்யலாம்?

- ஆல்கஹால் பக்கம் போகாதீர்கள். சட்டம் மாறும்வரை வீட்டு பீர், ஒயின் இரண்டும் ரிஸ்க்தான். பாட்டிலைப் போட்டோ எடுத்து இன்ஸ்டாவில் போடுவது நாமே கொடுக்கும் சாட்சி.
- கொம்புச்சா, ஜிஞ்சர் பீர் செய்பவர்கள் கவனம். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் கணக்கில் 0.5 சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் அது மதுபானம். சர்க்கரை சேர்த்து மூடிவைக்கும் இரண்டாம் நொதித்தலில் அந்தக் கோட்டை எளிதில் தாண்டிவிடும். சீக்கிரம் ஃப்ரிட்ஜில் வையுங்கள்.
- சட்டத்துக்குள் நிறைய இடம் இருக்கிறது. சோர்டோ ரொட்டி, ஊறுகாய், கம்மங்கூழ், கோல்ட் ப்ரூ காபி என்று வட்டம் சேர்க்கலாம். ஜாடி மாற்றிக்கொள்ளவும், ‘இது தேறாது மாப்ள’ என்று சொல்லவும் எந்த லைசென்ஸும் வேண்டாம்.
- தெளுவு, நீரா கிடைத்தால் வாங்குங்கள். அந்தப் பணம் மரம் ஏறுபவருக்கும் தோட்டக்காரருக்கும் போகிறது.

கள் தடையை மறுபரிசீலனை செய்யலாமா என்ற கேள்வி நீதிமன்றம் வரை போயிருக்கிறது. தேர்தல் நெருங்கும்போதெல்லாம் மேடைக்கும் வருகிறது. அடுத்த முறை அது வரும்போது, ‘குடிக்கலாமா, கூடாதா’ என்பதோடு நின்றுவிடாமல் இன்னொன்றையும் கேட்க வேண்டும்: தான் செய்ததைத் தானே குடிப்பவரையும், என்ன கலந்தது என்று தெரியாமல் விற்பவரையும் ஒரே சட்டப் பிரிவு எப்படிப் பிரித்துப் பார்க்கப் போகிறது?