விளம்பரத்திற்கு முன் வாடிக்கையாளர்

இரவு உணவு முடிந்து மேசையைத் துடைத்ததும், பூன் லே அடுக்குமாடி வீடு ஒன்றில் அதே மேசை பட்டறையாக மாறிவிடுகிறது. பட்டு நூல் சுற்றிய வளையல்களும் மணி கோத்த காதணிகளும் அங்கே உருவாகின்றன. இப்படிக் கைவேலையை வருமானமாக்க முயலும் இல்லத்தரசிகளும் இளையர்களும் சிங்கப்பூரில் பலர் இருக்கிறார்கள். நகை செய்வது அவர்களுக்குக் கைவந்த கலை; விற்பதுதான் சவால். கையில் இருப்பதோ சில நூறு வெள்ளி. அதை எதற்குச் செலவிடுவது?

பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது விளம்பரம். சிலர் சமூக ஊடகத்தில் பணம் கட்டி விளம்பரம் செய்கிறார்கள். வேறு சிலர் தீபாவளிக் காலத்தில் லிட்டில் இந்தியாவின் கேம்பல் லேனில் கடை போட ஆசைப்படுகிறார்கள். ஆனால், குறைந்த முதலுடன் தொடங்கும் தொழிலுக்கு முதலில் வேண்டியது விளம்பரம் அன்று. மீண்டும் வந்து வாங்கும் வாடிக்கையாளரே.

ஒரு சிறு கணக்கு இதை விளக்கும். ஒரு சோடி காதணியின் விலை 15 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். மணி, கொக்கி, பெட்டி ஆகியவற்றிற்கு 5 வெள்ளி போனால் மிச்சம் 10 வெள்ளி. விளம்பரத்திற்கு 300 வெள்ளி செலவழித்தால், அதை மீட்கவே 30 சோடி விற்க வேண்டும். ஒரு சோடி செய்ய ஒரு மணி நேரம் ஆகுமென்றால், 30 மணி நேர உழைப்புக்கு ஊதியமே இல்லை. பெரிய நிறுவனம் இந்த இழப்பைத் தாங்கும். சாப்பாட்டு மேசையில் நடக்கும் தொழில் தாங்குமா?

வீட்டிலிருந்தே சிறுதொழில் நடத்த வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் அனுமதிக்கிறது. ஆனால், வீட்டு வாசலில் பெயர்ப் பலகையோ விளம்பரமோ வைக்கக்கூடாது. அக்கம்பக்கத்தாருக்குத் தொந்தரவும் இருக்கக்கூடாது. எனவே, நகையே தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ள வேண்டும்.

அதற்கு வழி உண்டு. அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில் கெண்ட்ரா ஸ்காட் என்பவர், 2002ஆம் ஆண்டில் 500 டாலர் முதலீட்டில் தம் வீட்டு அறையொன்றில் நகை செய்யத் தொடங்கினார். மாதிரி நகைகளைப் பெட்டியில் வைத்து, கைக்குழந்தையைச் சுமந்தபடி கடை கடையாக ஏறி இறங்கினார். இன்று அவருடைய நிறுவனத்திற்கு நூற்றுக்கும் மேற்பட்ட கடைகள் உள்ளன. எல்லாருக்கும் அத்தகைய வளர்ச்சி கிட்டும் என்று சொல்ல முடியாது. ஆனாலும், நகையைப் பார்ப்பவரின் கையில் கொடுப்பதே அவருடைய முதல் விளம்பரமாக இருந்தது என்பது கவனிக்கத்தக்கது.

"விளம்பரம் இல்லாவிட்டால் உறவினர்களைத் தவிர யார் வாங்குவார்கள்?" என்று சிலர் கேட்கலாம். இது நியாயமான கேள்விதான். உறவினர்கள் முதல்முறை மரியாதைக்காகவும் வாங்குவார்கள். ஆகையால் முதல் விற்பனையை வைத்து மகிழ்ந்துவிடக்கூடாது. வாங்கிய வளையலை ஒருவர் ஜூரோங் ஈஸ்ட் முருகன் கோயிலுக்கு அணிந்து சென்று, "எங்கே வாங்கினாய்?" என்று பக்கத்தில் நிற்பவர் கேட்கும்போதுதான் தொழில் வீட்டைத் தாண்டுகிறது. அந்தக் கேள்விக்குப் பதிலாக, பெட்டிக்குள் ஒரு சிறிய முகவரி அட்டை இருந்தால் போதும்.

இணையத்தையும் ஒதுக்கத் தேவையில்லை. சிங்கப்பூரில் 2012ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட கேரோசல் போன்ற செயலிகளில் பல பொருள்களைக் கட்டணமின்றி விற்பனைக்கு வைக்கலாம். சன்னல் வெளிச்சத்தில் எடுத்த தெளிவான படமும், அளவு தெரிய நகையை அணிந்து எடுத்த இன்னொரு படமும் இதற்குப் போதுமானவை. இவற்றுக்குப் பணம் வேண்டாம், பொறுமை வேண்டும்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது உண்மை. வெள்ளி முலாம் பூசிய நகையை வெள்ளி நகை என்று சொல்லக்கூடாது. நிக்கல் கலந்த கொக்கி சிலருக்கு அரிப்பை உண்டாக்கும்; அதையும் முன்கூட்டியே சொல்ல வேண்டும். வாங்குபவரைத் தவறாக எண்ணவைப்பது, 2004ஆம் ஆண்டு முதல் நடப்பில் உள்ள நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி நியாயமற்ற செயல். சட்டம் ஒருபுறமிருக்க, ஏமாந்த ஒருவர் பத்துப் பேரிடம் சொல்வார். அந்தப் பெயரைத் துடைக்க எந்த விளம்பரத்தாலும் முடியாது.

விளம்பரமே கூடாது என்பதில்லை. வாங்கியவர்கள் திரும்பி வரத் தொடங்கிய பிறகு, இலாபத்தில் ஒரு பகுதியை அதற்கு ஒதுக்கலாம். அதுவரை, இருக்கும் சில நூறு வெள்ளியை நல்ல மணிக்கும் உறுதியான கொக்கிக்கும் செலவிடுவதே அறிவுடைமை. 'சிறுகக் கட்டிப் பெருக வாழ்' என்பது வீடு கட்டுவோருக்கு மட்டும் சொன்னதன்று. சாப்பாட்டு மேசையில் தொழில் தொடங்குவோருக்கும் அது பொருந்தும்.