மீனுக்கும் உண்டு சாப்பாட்டு நேரம்

மீன் வளர்ப்பில் ஆகும் செலவில் பெரும்பாலும் பாதிக்கு மேல் தீவனத்துக்கே போய்விடுகிறது. மூட்டை என்ன விலை, புரதம் எத்தனை சதவீதம் என்று துருவித் துருவி விசாரிக்கும் பண்ணையாளர்களில் பலர், அதை எந்த நேரத்தில், எத்தனை வேளையாகப் போடுவது என்று கேட்பதில்லை. பணம் கரைவது அங்கேதான்.

கட்லா, ரோகு, மிர்கால் போன்ற கெண்டை இனங்களுக்கு இரைப்பை கிடையாது. தின்றது நேரே குடலுக்குப் போகிறது. ஒரே வேளையில் வயிறு முட்டத் தின்று வைத்துக்கொள்ளும் உடலமைப்பு அவற்றுக்கு இல்லை. சிறுகச் சிறுக மேய்பவை அவை. ஒரு டன் மீன் உள்ள குளத்துக்கு, உடல் எடையில் 3 சதவீதம் என்று கணக்கிட்டால் நாளொன்றுக்கு 30 கிலோ தீவனம். அத்தனையையும் ஒரே தடவையில் கொட்டினால், தின்றது போக மிச்சம் அடியில் படிந்து அழுகும். அம்மோனியா ஏறும். அதையே இரண்டு மூன்று வேளையாகப் பிரித்துப் போட்டால் உடம்பில் ஒட்டுவது கூடும். வேகமாக வளரும் குஞ்சுகளுக்கு இன்னும் அடிக்கடி போட வேண்டும்.

நேரமும் முக்கியம். பகலில் ஆக்சிஜனைத் தரும் பாசி, இரவில் அதையே உறிஞ்சிக்கொள்கிறது. அதனால் விடியற்காலையில்தான் குளத்தில் ஆக்சிஜன் மிகக் குறைவு. உண்டதைச் செரிக்க மீனுக்குக் கூடுதல் ஆக்சிஜன் வேண்டும். வேலை சீக்கிரம் முடியட்டும் என்று இருள் பிரியும் முன்பே தீவனம் போடுவது, மூச்சுத் திணறும் மீனுக்கு விருந்து வைப்பது. வெயில் ஏறிய பின் போடுவதே நல்லது. மந்தாரமான நாளில் அளவைக் குறைக்க வேண்டும்.

ஆந்திராவின் கொல்லேறு வட்டாரத்தில் தவிட்டையும் புண்ணாக்கையும் துளையிட்ட பைகளில் நிரப்பி, குளத்தில் நட்ட மூங்கில் கழிகளில் கட்டிவிடுகிறார்கள். மீன்கள் துளை வழியே உறிஞ்சித் தின்கின்றன. பை எவ்வளவு சீக்கிரம் காலியாகிறது என்பதை வைத்தே அவற்றின் பசியை அறியலாம். எளிய ஏற்பாடு, தீவனம் சிதறுவதும் குறைவு.

தினமும் ஒரே தீவனம்தான் போட வேண்டுமா என்ற கேள்வியை இலங்கை மீனியல் அறிஞர் சேனா டி சில்வா 1985-இலேயே எழுப்பினார். புரதம் கூடிய தீவனத்தையும் குறைந்த தீவனத்தையும் நாள் மாற்றி நாள் திலேப்பியா குஞ்சுகளுக்குக் கொடுத்து அவர் சோதித்தார். பின்னர் இந்தியாவில் எம்.சி. நந்தீஷா உள்ளிட்டோர் கெண்டைகளிலும் இதைச் சோதித்தனர். சரியான கலவை முறையில், வளர்ச்சி குன்றாமலேயே விலை கூடிய புரதத்தை மிச்சப்படுத்த முடிந்தது. பிலிப்பைன்ஸின் திலேப்பியா குளங்களில் ஒருநாள் விட்டு ஒருநாள் தீவனம் போட்டுப் பார்த்தார்கள். தீவனம் ஏறக்குறைய பாதியானது, விளைச்சல் குறிப்பிடும்படி குறையவில்லை. உரமிட்ட அந்தக் குளங்களில் இயற்கை உணவு நிறைய இருந்தது. அது இல்லாத கூண்டு வளர்ப்பில் இதை அப்படியே பின்பற்றினால் மீன் மெலிந்துவிடும். ஆகவே ஊருக்கெல்லாம் ஒரே அட்டவணை எழுதிக் கொடுத்துவிட முடியாது.

குளம் வெட்டவும் குஞ்சு வாங்கவும் மானியம் தரும் அரசுகள், இந்தக் கணக்கைக் கற்றுத்தரவும் செலவிட வேண்டும். சிறு பண்ணையாளர்கள் சேர்ந்து பயன்படுத்த ஊருக்கு ஓர் ஆக்சிஜன் அளவி வேண்டும். பதினைந்து நாளுக்கு ஒருமுறை வலை வீசிச் சில மீன்களை எடைபோட்டு, அதற்கேற்பத் தீவனத்தை மாற்றும் பழக்கத்தைக் கள அலுவலர்கள் குளக்கரையிலேயே செய்து காட்ட வேண்டும். அடுத்த குஞ்சு விடும் பருவத்துக்குள் இதைத் தொடங்கலாம்.