ஊருக்கு அல்ல, அவளுக்கு

சிறையிலிருந்து வருகிறவரைப் பற்றி ஊருக்குச் சொல்வது இரண்டாவது தண்டனை என்கிறார் ஒரு கட்டுரையாளர். ஊருக்குத் தண்டோரா போட யார் சொன்னது? பாதிக்கப்பட்டவருக்கு மட்டும் சொல்லுங்கள் என்கிறோம்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் இரண்டாம் ஷிப்ட் முடிந்து, ராத்திரி ஷேர் ஆட்டோவுக்கு நிற்கும் ஒரு பெண்ணை நினைத்துப் பாருங்கள். தன்னை வெட்டியவன் புழல் சிறையில் இருக்கிறான் என்ற தைரியத்தில்தான் அங்கே நிற்கிறாள். அவனுக்கு ஜாமீன் கிடைத்தது வக்கீலுக்குத் தெரியும், ஜாமீன்தாரருக்குத் தெரியும், சிறைக்குத் தெரியும். அவளுக்கோ எதிர் டீக்கடையில் அந்த முகத்தைப் பார்க்கும்போதுதான் தெரிகிறது. கண்ணாடி டம்ளரோடு அவன் நிமிர்ந்து பார்க்கிறான்.

இது புதுக் கோரிக்கையும் அல்ல. குற்றவாளியின் ஜாமீன், விடுதலை விவரத்தைப் பாலியல் குற்றத்துக்கு ஆளான குழந்தையின் பெற்றோருக்குத் தெரிவிக்கச் சொல்கின்றன 2020 போக்சோ விதிகள். எஸ்சி, எஸ்டி வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 15ஏ பிரிவு, ஜாமீன் விசாரணைக்கே பாதிக்கப்பட்டவருக்கு முன்கூட்டி நோட்டீஸ் தரச் சொல்கிறது; அது கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் 2021-இல் சொல்லிவிட்டது. வெட்டுப்பட்ட இந்தப் பெண்ணுக்கு மட்டும் ஏன் கிடையாது?

தகவல் தந்தால் பாதிக்கப்பட்டவர்கள் பழிவாங்கக் கிளம்புவார்களாம். கூட்டு வன்புணர்வுக்கு ஆளான பில்கிஸ் பானோவின் வழக்கில் 2022 ஆகஸ்ட் 15 அன்று தண்டனைக் கைதிகள் 11 பேரை விடுவித்தார்கள். அவர் அரிவாள் எடுக்கவில்லை, உச்ச நீதிமன்றப் படி ஏறினார். 2024 ஜனவரி 8 அன்று அந்த விடுதலை ரத்தானது.

சிறைக் கதவு திறக்கும் முன் காவல் நிலையத்திலிருந்து அவளுக்கு ஒரு போன். கேட்பது அவ்வளவுதான்.